அலசாத துணியில் விழுந்த முடிச்சு

அன்பு மகனுக்கு,

தாராவியிலும் கோபர்கைரனேயிலும் உள்ள நம் குடும்பத்தார் அனைவரின் கவனத்துக்கும். நம் வீட்டுத் திவான் கட்டிலின் அடிப்பெட்டி இன்று காலை பதினொன்று பத்துக்குத் திறக்கப்பட்டு, பதினொன்று பதினாறுக்கு முறைப்படி மூடப்பட்டது. உயிர்ச்சேதம் ஒரு கரப்பான். பொருட்சேதம் என் இடுப்பு. உள்ளே உன் அம்மா ஒட்டுப் போட்டுக் கோதடிப் போர்வை தைக்கிற துண்டுத் துணிகள், சென்ற ஆடியில் நான் அடுக்கியபடியே, வெளிர் நிறம் இடப்பக்கம், அடர் நிறம் வலப்பக்கம் என்று அணிவகுப்பு மாதிரி நிற்கின்றன. முப்பத்து நாலு வருஷம் ஆணியும் மரையும் விற்றவன் அடுக்கிய அடுக்கு அது. அசையுமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி காலியாகப் போகிறது. அடுத்த வீட்டுக் காந்தா மாவுஷி இரண்டு கோணிகளோடு வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போவாள். வரச் சொன்னது அம்மாதான். இனி கோதடி தைக்கமாட்டாளாம். அதற்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, நீ அவளை மறதிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போவதாக நாள் வாங்கி வைத்திருக்கிறாய். தன் புத்தி தையல் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அவள் நம்புகிறாள். நீயும் நம்பத் தொடங்கிவிட்டாய். 'அப்பா மட்டும் எப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு' என்று நீ மருமகள் ரேவதியிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. நான் ஏன் நம்பவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஒற்றை அறை வீட்டில் ஃபோன் பேசினால், பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்திருப்பாள். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பது தெரியும். உன்னை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன் நான்தானே. நாலாவது வரியில் தாளை ரேவதியிடம் நீட்டி வாசிக்கச் சொல்வாய். சொல். அவளுக்குச் சேர வேண்டியதும் இதில் இருக்கிறது.

அந்தத் துணிகளின் மேல் நீ இருபத்தெட்டு வருஷம் படுத்துத் தூங்கியிருக்கிறாய். முதுகுக்குக் கீழே ஒரு அரசாங்கமே நடந்தது உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் அடுக்கப் போகும்வரை. நம் சந்தில் உள்ள தையல் கூடங்களில் வெட்டிக் கழித்த துணியை மாவுஷி கோணியில் கொண்டுவந்து கொட்டுவாள். அம்மா ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவாள். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். மற்றது உருகி உருண்டையாகும். உருண்டது வாசலோடு போய்விடும். நின்றதில் உள்ளங்கை அளவுத் துண்டுகள் பிஸ்கட் டப்பாவுக்கு, சாண் அளவு பழைய தலையணை உறைக்கு, முழ அளவும் அதற்கு மேலும் திவான் பெட்டிக்கு. பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கமாட்டாள். புத்தகம் மாதிரி நிறுத்தி வைப்பாள். எதை உருவினாலும் பக்கத்தில் இருப்பது கலையாது. மரக்கறை படாமலிருக்க அடியில் என் பழைய வேட்டி. பூச்சிக்கு வசம்பு. பிளாஸ்டிக் பை மட்டும் ஆகாது. மழைக்காலத்தில் துணிக்கு மூச்சு முட்டும் என்பாள்.

இதிலெல்லாம் பெரியது ஒன்று உண்டு. புதிதாக வந்த துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து அழுத்துவாள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் மறுபடியும் ஊறல். ஒட்டாவிட்டால் காயவைத்து, ஒரு மூலையில் சின்னதாக ஒரு முடிச்சு. முடிச்சு இருந்தால் சாயம் போகாது, தைக்கலாம். முடிச்சு இல்லாவிட்டால் தொடக்கூடாது. அலசினதற்கு ஒரு பெட்டி, அலசாததற்கு ஒரு பெட்டி என்று வைக்க நம் வீட்டில் இடம் எங்கே? அதிலும் மழை மாதங்களில் கைக்குட்டைகூடக் காயாது. எல்லாம் ஒரே பெட்டிக்குள்தான் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் போதும், முடிச்சு சொல்லிவிடும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள் ஊரில். உன் அம்மா கசக்கிய பிறகுதான் ஊசியையே எடுப்பாள்.

இனி என்னைப் பற்றி. எனக்கு வயது அறுபத்து மூன்று. அதில் பதினாறுதான் என்னுடையது. மீதி நாற்பத்தேழையும் உன் அம்மாவும் கடையும் சுமந்தார்கள். கல்யாணமான புதிதில் சர்க்கரை டப்பாவில் உப்பை மாற்றி வைத்தேன். அம்மா டீயை ஒரு வாய் குடித்தாள், முகம் மாறவில்லை, என் டம்ளரையும் நிரப்பி நீட்டினாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் எங்கள் குடும்பம் தொடங்கியது. உனக்குப் பத்தாவது பரீட்சை அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததும் நான்தான். பூட்டின கேட்டுக்கு முன்னால் நின்று என்னைத் திட்டிக்கொண்டே நீ இரண்டாவது முறையாகப் பாடத்தைப் படித்தாய். இவற்றையெல்லாம் நீயே உன் கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்தாய்.

நீ சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு ஒன்பது வயது. நம் கட்டடத்தின் படிக்கட்டில் பச்சைப் பெயின்ட் கொட்டிக் கிடந்தது. நீ பள்ளிக்கூட ஷூவோடு அதில் மிதித்து ஏற, மூன்று மாடிக்கும் பச்சைக் கால்தடம். சொசைட்டி செக்ரட்டரி உன் காதைப் பிடித்து நிறுத்தினார். தடம் பார்த்துத் திருடனைப் பிடித்துவிட்டார், போலீஸில் சேர்க்கலாம் என்று நான் சொல்லி, சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். கடையிலிருந்து டப்பாவைத் தூக்கி வந்து படியில் கவிழ்த்தது நான் என்பது உனக்குத் தெரியும்; கீழ்வாசலிலிருந்து நீ பார்த்திருந்தாய். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். பத்தொன்பது வருஷம் கழித்துச் சொல்கிறேன். நான்தான்.

புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கிறாய், அதனால் இதை வைத்துக்கொள். விளையாட்டுக்கும் கள்ளத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. விளையாடினவன் கடைசியில் 'நான்தான்' என்று வந்து நின்று, விழுகிற அடியையும் வாங்கிக்கொண்டு சிரிப்பான். அந்த ஒரு வார்த்தையை முழுங்கிவிட்டால், எத்தனை சிரிப்பு வந்தாலும் அது விளையாட்டு இல்லை.

சென்ற ஆடிக்கு வருகிறேன். அம்பர்நாத்தில் உன் பெரிய மாமாவுக்குப் பெயர்கள் உதிரத் தொடங்கியிருந்த நேரம். தொழிற்சாலையில் நூறு இயந்திரத்தின் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்த மனிதர், சட்டைப் பொத்தானைக் கோணலாக மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாராம். அத்தைக்கு ஒத்தாசையாக அம்மா பத்து நாள் போயிருந்தாள். கொட்டுகிற மழையில் கடைக்கும் ஆள் வரவில்லை. திரும்பி வருகிறவளுக்கு ஒரு ஆச்சரியம் வைப்போம் என்று பெட்டியைத் திறந்தேன். துணிகள் ஈரவாடை அடித்தன. எல்லாவற்றையும் இஸ்திரி போட்டேன். அட்டை வைத்து ஒரே அளவில் மடித்தேன். நிறம் பார்த்து, நிறத்துக்குள் அளவு பார்த்து நிறுத்தினேன். கடையில் அரை இன்ச் மரைக்குப் பக்கத்தில் முக்கால் இன்ச் மரை நிற்கிற மாதிரி.

அம்மா வந்ததும் பெட்டியைத் திறந்து காட்டினேன். திவான் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண் துணியில் இல்லை என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"அண்ணன் என்னைய அக்காங்குதான்," என்றாள். "நான் தங்கச்சில்லான்னு சொன்னா, வெளியாளப் பாக்க மாதிரி சிரிக்கான்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடை மாதிரியே இருக்கு என்று என்னைப் பாராட்டினாள். அன்று சாயங்காலம் எங்கள் மாடியில் உள்ள அத்தனை பெண்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் காட்சிசாலைக் காவலாளி மாதிரி பக்கத்தில் நின்றேன். அதற்கப்புறம் உன்னிடம் எத்தனை முறை பீற்றிக்கொண்டேன் என்பது உனக்கே நினைவிருக்கும்.

அந்த அடுக்கிலிருந்துதான் உன் கல்யாணக் கோதடி பிறந்தது. நடுவில் வெள்ளையும் இளமஞ்சளும், சுற்றிலும் குங்குமச் சிவப்பில் நாலு விரல் கரை. நாலு மாதம், எல்லாம் கைத்தையல். தையில் உங்கள் கையில் கொடுத்தாள். பங்குனியில் ரேவதி அதை முதல் முறையாகத் துவைத்தாள். சிவப்பு இறங்கி வெள்ளை முழுக்கப் பரவிவிட்டது என்று ஃபோனில் அந்தப் பெண் அழுதாள். மெஷினில் போடாதே என்று சொன்னேன் அல்லவா என்று பின்னாலிருந்து நீ அவளிடம் போட்ட சத்தம் இங்கே எனக்கே கேட்டது. அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அவள வையாத ஐயா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. அந்தச் செவப்புல முடிச்சு இருந்துச்சு, நான் தொட்டுப் பாத்துதான் எடுத்தேன். அப்பம் நாந்தான் அலசாமலே முடிஞ்சு வச்சிருக்கேன். வச்சது ஞாபகமே இல்ல, பாத்துக்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பேச்சு முடிந்த பிறகும் உரித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். ஊசி டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள். கேஸை மூடியாயிற்றா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறாள். பால் வாங்கியதைக் காலண்டரில் எழுதுகிறாள், எழுதினோமா என்று போய்ப் பார்க்கிறாள். மாடியில் உள்ள குழந்தைகளின் பெயரை வாய்க்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே சோறு வடிக்கிறாள். உனக்குத் தெரியாதது, காலையில் உடுத்தி முடித்ததும் கண்ணாடி முன் நின்று ரவிக்கை ஊக்குகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணுகிறாள். மாமாவின் பொத்தான் அவள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தன் கையை நம்பியே வாழ்ந்தவள், மகனே. அந்தக் கை பொய் சொல்லிவிட்டது என்று நினைக்கிறாள்.

பொய் சொன்னது அந்தக் கை இல்லை.

அவள் அம்பர்நாத்தில் இருந்த ஏழாவது நாள் எனக்கு ஃபோன் செய்தாள். மாவுஷி கேட்டால் முடிச்சு உள்ளதாகப் பார்த்து நாலு துணி எடுத்துக் கொடுங்கள் என்றாள். அதற்குள் பெட்டியில் ஒரு முடிச்சுகூட இல்லை. இஸ்திரிக்கு இடைஞ்சல் என்று அத்தனையையும் நான் அவிழ்த்திருந்தேன். ஊரில் களவாணிப் பயலை முடிச்சவிழ்க்கி என்று வைவார்கள். நான் பெயருக்கேற்ற முடிச்சவிழ்க்கி. சும்மா கேட்கிற மாதிரி, முடிச்சு இல்லாவிட்டால் என்ன என்றேன்.

"முடிச்சு இல்லன்னா அலசலன்னு அர்த்தம்லா. அதத் தொட்டுராதிய."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு சாயங்காலம் முழுக்க வாங்கிக் கட்டியிருப்பேன். மழை விட்டதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து நனைத்திருப்பாள், இந்த ஊர் ஐப்பசி வெயிலில் கொடி கொடியாகக் காயப்போட்டிருப்பாள், சிரித்தும் இருப்பாள். நானோ சரி என்று ஃபோனை வைத்துவிட்டு, என் விரலை நம்பினேன். மரையைத் தொட்டே அளவு சொல்கிற விரலுக்கு, அலசின துணி எது அலசாதது எது என்று தெரியாமலா போகும்? மெத்தென்று இருந்தால் அலசினது, மொடமொடவென்றால் புதுசு. இஸ்திரியில் எல்லாமே ஒரே மாதிரி ஆகிவிட்டதை நான் யோசிக்கவில்லை. மெத்தென்று பட்டதற்கெல்லாம் முடிச்சுப் போட்டேன். அந்தக் குங்குமச் சிவப்பு நல்ல சன்ன நூல். பிறந்ததிலிருந்தே மெத்தென்றுதான் இருந்திருக்கிறது.

இன்னும் கேள். அம்மா இடக்கைக்காரி. அவள் முடிச்சு இடப்பக்கம் திரும்பி நிற்கும். மாதிரிக்கு ஒன்றுகூட மிச்சமில்லை, அதனால் மூன்று நாள் உட்கார்ந்து ஞாபகத்தில் இருந்தபடி இடக்கையால் முடிந்து பழகினேன். அச்சு அசலாக வந்தது. அவள் முடிச்சையும் என் முடிச்சையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கிறவனுக்குக் கடையையே எழுதிக் கொடுக்கலாம் என்று எனக்குள் ஒரு இறுமாப்பு. சிவப்பு இறங்கி, ரேவதி அழுது, நீ அவளை ஏசி, அம்மா தன் புத்தியைச் சந்தேகித்து, இத்தனைக்குப் பிறகும் அந்த இறுமாப்பு ஓரமாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஏன் அப்போதாவது வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று பார்த்தேன். அவள் மறக்கவில்லை. மறதி வந்துவிட்டது என்று பயப்படுகிறவள் எதையும் மறப்பதில்லை. பிறகு நாளாக நாளாக, அன்றே சொல்லாததற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் 'நீங்கள் இருவரும் அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்திருப்பது தெரியும், பார். எழுதி முடித்ததும் படிக்கட்டில் உன் காதைப் பிடித்த செக்ரட்டரி ஞாபகத்துக்கு வந்தார். மறுபடியும் உன்னை முன்னால் நிறுத்தி நான் பின்னால் நிற்கப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதைத் தபாலில் போடுமுன் அவளுக்கு நானே வாசித்துக் காட்டப் போகிறேன். இது உன் கையில் இருக்கிறது என்றால் வாசித்தாயிற்று என்று அர்த்தம். இப்போது அவள் அடுப்படியில் இருக்கிறாள். இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் என்ன என்று வந்து நின்றாள், தண்ணீர் கேட்டேன். இரண்டு டம்ளர் குடித்து வயிறு தளும்புகிறது. மூன்றாவது முறை கூப்பிடுகிறேன்.

இனி எழுதுவது சாயங்காலம்.

முதல் வரியிலிருந்து வாசித்தேன். கரப்பான் செத்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஊக்கு எண்ணுகிற இடத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முடித்ததும் ஒரே ஒரு இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். இடக்கையால் பழகின இடம். வாசித்தேன். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, பார்க்காமலே கையை விட்டுத் துழாவி, ஒரு நீலத் துணியை உருவி என் முழங்காலில் வைத்தாள். அதிலிருந்த முடிச்சு வலப்பக்கம் திரும்பியிருந்தது. இடக்கையால்தான் முடிந்திருக்கிறேன், முடிந்தது வலக்கைக்காரனின் புத்தி.

"ஐப்பசியிலயே பாத்தேன்," என்றாள். "எல்லா முடிச்சும் திரும்பியிருக்கேன்னு. அண்ணனுக்குப் பொத்தான் மாதிரி, நமக்கு முடிச்சு திரும்பிட்டுன்னு நெனச்சேன். ஒங்ககிட்டகூடச் சொல்லல. பயந்துருவியன்னு."

அப்படியானால் பங்குனியில் இல்லை, ஐப்பசியிலிருந்தே பயந்திருக்கிறாள். நாலு மாதம் உன் கோதடியைத் தைத்த கை, பயந்துகொண்டே தைத்த கை. எதைக் கெட்டிக்காரத்தனம் என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேனோ, அதுதான் அவளை முதலில் குத்தியிருக்கிறது. அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் போட்ட டீயை நீட்டிய அன்றைக்கு மாதிரி சிரித்துவிடுவாளோ என்று ஆசைப்பட்டேன். சிரிக்கவில்லை. எழுந்திருக்கும்போதுதான் சொன்னாள்.

"செவ்வாக்கெழம டாக்டர்ட்ட போவோம். ஒங்களுக்கும் சேத்து ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுதேன். இப்பம் எல்லா முடிச்சையும் அவுங்க. மொதல்லருந்து அலசணும்."

ஆகையால் இந்தக் கடிதத்தின் முதல் பத்தியில் வெளியான அறிவிப்பு திரும்பப் பெறப்படுகிறது. திவான் பெட்டி திறந்து கிடக்கிறது. அணிவகுப்பு கலைந்து தரையெல்லாம் துணி. மாவுஷிக்குச் சேதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கோணிக்குப் பதிலாக இரண்டு பக்கெட் கொண்டுவருகிறாளாம், என்னை வேடிக்கை பார்க்க ஆளும் கூட்டிவருகிறாளாம். நீங்களும் அந்தக் கறை பட்ட கோதடியை எடுத்துக்கொண்டு வாருங்கள், உப்பில் போட்டுப் பார்க்கலாம் என்கிறாள் அம்மா. ஊசி டப்பாவை இறக்கிவிட்டாளா என்று கேட்காதே. இன்னும் இல்லை. ஆனால் மேல்தட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள், நான் பார்த்தேன். வருவதற்கு முன் ரேவதியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொள். நான் கேட்க வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை நேரில் கேட்கிறேன்.

முதலில் நனைத்தது மிச்சமிருந்த குங்குமச் சிவப்புத் துண்டை. ஏழு தண்ணீர் மாற்றியாயிற்று. இன்னும் நிறம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அலசினது என்று நான் முடிச்சுப் போட்டு நிறுத்திய துணி இது. கையைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் தாளின் ஓரத்தில் ஒட்டிவிட்டது. கீழே சிவப்பாக இருப்பது என் கட்டைவிரல் ரேகை. கையெழுத்துக்குப் பதிலாக அதையே வைத்துக்கொள்.

அப்பா